வெள்ளிக்கிழமைதோறும் வந்த அக்கா

போன மாதம் பழைய கிளினிக்கிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெறுகிற சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது அவளே அங்கே சிஸ்டர். இருட்டறையைக் கம்ப்யூட்டர் அறையாக மாற்றப் போகிறார்களாம்.

"அலமாரியில ஒரு பழைய விளக்கு இருக்கு சிஸ்டர். என்ன செய்யறதுன்னு யாருக்கும் தெரியல. உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

எரிகிறதா என்று கேட்டேன். எரிகிறதாம். எரிகிற விளக்கைத் தூக்கிப்போட என்னைக் கேட்பானேன் என்று கடிந்துகொண்டேன். அவள் சிரித்துவிட்டு, "அந்த ரூம்ல தனியா இருக்க உங்களுக்குப் பயமா இருந்ததே இல்லையா?" என்றாள். என்னைப் பார்த்தால் பேய்க்குத்தான் பயம் என்று வாய் வீரம் பேசிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு வெகு நேரம் நாற்காலியைவிட்டு எழவில்லை. அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நர்ஸ் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டில் விரிப்பின் மூலையைச் சுருக்கமில்லாமல் மடிக்கவும், திட்டு வாங்கும்போது தரையைப் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். பிரசவ வார்டுக்குத்தான் ஆசைப்பட்டேன். போட்டது பினாங்கு ஜார்ஜ் டவுனில் தோல் நோய்ப் பிரிவுக்கு. எழுபதுகளின் கடைசி அது. சொந்தக்காரர்கள் என்னைச் 'சொறி நர்ஸ்' என்று கூப்பிட்டார்கள். வேலை முடிந்து வந்தால் குளித்த பிறகுதான் அம்மா சமையற்கட்டுக்குள் விடுவார்.

அங்கே வாரம் ஒரு நாள் குழந்தைகளுக்கு. அதில் பாதிப் பேர் தலையில் படர்தாமரையோடு வருவார்கள். மலாய்க்காரர்கள் குராப் என்பார்கள், நம்மவர்கள் புழுவெட்டு என்று தப்பாகச் சொல்வார்கள். உண்மையில் அது ஒரு பூஞ்சைக் காளான். முடிக்குள் புகுந்து தின்று, முடியை அடியோடு ஒட்ட ஒடித்துவிடும். வெள்ளி நாணயம் அளவுக்கு வட்டமாக, சாம்பல் பூத்த மாதிரி மொட்டை விழும். கெலெங்காங் என்கிற சீமையகத்தி இலையை அரைத்துப் பூசி, கந்தகம் குழைத்துப் பூசி, கடைசியில்தான் எங்களிடம் வருவார்கள். மேலே எதைப் பூசினாலும் முடியின் உள்ளே இருப்பது சாகாது. மாத்திரையைப் பாலோடு வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும்.

பிரிவின் தலைவர் டாக்டர் அருளம்பலம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பினாங்கில் பிறந்திருந்தாலும் பேச்சு அப்படியே யாழ்ப்பாணம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தப்புச் செய்தால் பேசாமல் பார்ப்பார். அதற்கு அவர் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம் என்று இருக்கும். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தாய்க்கு நோயைக் கண்ணால் காட்டாமல் மருந்து எழுத மாட்டார். "காணாத ஒண்டுக்கு எந்தத் தாய் ரெண்டு மாசம் மருந்து குடுப்பாள், பிள்ளை?" என்பார். அதற்குத்தான் அந்த விளக்கு.

இருட்டறை முன்பு சாமான் அறையாக இருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, கதவிடுக்கிலும் துணி செருகியிருப்போம். குழந்தையை முக்காலியில் உட்காரவைத்து, தாயைப் பக்கத்தில் நிறுத்தி, வெளிச்சத்தை அணைத்துவிடுவேன். கண் இருட்டுக்குப் பழகும்வரை யாரும் பேசக்கூடாது. அது டாக்டர் வைத்த சட்டம். வெளியே பட்டப்பகலாக இருக்கும், தெருவில் கார் ஹாரன் கேட்கும், உள்ளே நாலு பேர் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும். பிறகு விளக்கைப் போடுவார். கறுப்புக் கண்ணாடி வைத்த விளக்கு அது, சூடேறி வருவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஊதா நிறத்தில் ஏதோ தெரிகிற மாதிரி இருக்கும், ஆனால் அறை வெளிச்சமாகாது. என் வெள்ளை யூனிபார்ம் மட்டும் ஒளிர்ந்து, ஆள் இல்லாமல் தனியாக நிற்கும். குழந்தை வாயைத் திறந்தால் பல் வரிசை ஒளிரும். நோய் இருக்கிற தலையில் ஒடிந்த முடியெல்லாம் பச்சையாக எரியும். எல்லாக் காளானும் அப்படி ஒளிர்வதில்லை, பூனையிடமிருந்து வருவது நிச்சயம் ஒளிரும்.

தலையில் எண்ணெய் இருந்தால் அதுவும் நீலமாக மினுங்கி எங்களை ஏமாற்றும். எண்ணெய் வைக்காமல் கூட்டி வாருங்கள் என்று தலைதலையாய் அடித்துக்கொள்வேன். எந்தத் தமிழ்த் தாய் கேட்டாள்? டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று வழிய வழிய எண்ணெய் தடவி, பவுடரும் அப்பிக் கூட்டி வருவார்கள்.

சரோஜாவும் அப்படித்தான் வந்தாள். நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவள். தீவுக்குப் பாலம் வராத காலம். பஸ் பிடித்து, ஃபெரி ஏறி, மகள் புஷ்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளைக்கு ஆறு வயது இருக்கும்.

"எண்ணெய் வைக்காம எப்படி மிஸ்ஸி பஸ்ல ஏத்துறது? தாயில்லாப் புள்ளன்னு நினைப்பாங்க" என்றாள். அந்தக் காலத்தில் நர்ஸ் எல்லாரும் மிஸ்ஸிதான்.

சோப்புப் போட்டுத் தலையைக் கழுவித் துடைத்து உள்ளே கூட்டிப்போனேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பின்னல் தொடங்குகிற இடத்தில் பச்சை வட்டம். டாக்டர் சாமணத்தால் ஒளிர்ந்த முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நோய் பிடித்த முடி வலிக்காமல் வந்துவிடும். கண்ணாடித் துண்டில் வைத்து, காரநீர் ஒரு சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் இளஞ்சூடு காட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். முடியைச் சுற்றி மீன் முட்டை மாதிரி அப்பியிருந்தது. சரோஜாவையும் பார்க்கச் சொன்னார். மாத்திரை எழுதினார். குணமாகும்வரை பின்னக்கூடாது, சீப்பைத் தனியாக வைக்க வேண்டும் என்றார். வீட்டில் பூனை உண்டா என்று கேட்டதற்கு, "முன்ன ஒண்ணு இருந்துச்சு, இப்ப இல்ல" என்றாள்.

சொன்னதைச் சொன்னபடி செய்தாள். கெட்டிப் பாலில் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தாள். விளக்கில் ஒன்றும் ஒளிரவில்லை என்றானதும் மருந்தை நிறுத்தி, இனிப் பின்னலாம் என்று சொல்லி அனுப்பினோம். சில மாதம் கழித்து மறுபடி வந்தாள். அதே இடம், அதே பச்சை வட்டம். மறுபடி மருந்து, மறுபடி குணம். மூன்றாவது தடவையும் அதே இடத்தில் வந்தபோது டாக்டர் பேசாமல் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சரோஜா மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரம். புஷ்பா என் மேசையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். யார் தலை சீவிவிடுவார்கள், யாரோடு படுப்பாய் என்று பேச்சுக் கொடுத்தேன்.

"அம்மாகூடத்தான் படுப்பேன். வெள்ளிக்கிழமை மட்டும் அக்கா வருவா."

"அக்கா எங்க இருந்து வருவா?"

"பெட்டியில இருந்து."

பெட்டி என்று ஒரு ஊரா என்று நினைத்தேன். மலாய்ப் பெயர் எதையோ பிள்ளை மாற்றிச் சொல்கிறது என்று விட்டுவிட்டேன்.

"வந்து என்ன செய்வா?"

"என் முதுகுல படுத்துக்குவா. மருந்து குடிக்கிறப்ப வர மாட்டா. அம்மா வேணாம்னு சொல்லிரும்."

"அக்காவுக்கு என்ன வயசு?"

"ஒம்பது."

முதல் தடவை வந்தபோதும் அக்காவுக்கு ஒன்பது என்று ஏதோ சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது. இடையில் ஒரு வருடத்துக்கு மேல் போயிருந்தது. இன்னும் அதே ஒன்பதா என்று கிண்டல் செய்தேன்.

"அக்கா எப்பவும் ஒம்பதுதான் மிஸ்ஸி" என்றாள். காலை ஆட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

டாக்டரிடம் போய் வீட்டில் மூத்த பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளைச் சோதிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் சரோஜாவைக் கூப்பிட்டார்.

"மூத்த பிள்ளையும் இருக்கிறாளாமே. ஏன் சொல்லேல்ல? அவளிட்டையிருந்துதான் இவளுக்குத் திரும்பத் திரும்ப வருது. அடுத்த முறை அவளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

சரோஜா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரிங்க டாக்டர், கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

அடுத்த முறை புஷ்பாவோடு மட்டும்தான் வந்தாள். மடியில் ஒரு பிஸ்கட் டின். பெரியவள் எங்கே என்று கேட்டேன். உள்ளே போய்ச் சொல்கிறேன் என்றாள். நான் வழக்கம்போலக் கதவிடுக்கில் துணி செருகி வெளிச்சத்தை அணைத்தேன். இருட்டில் டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

"மல்லிகா, டாக்டர் பாக்கட்டும்மா" என்றாள் சரோஜா. பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்.

டாக்டர் விளக்கைப் போட்டார். முதலில் ஒரு துணி மங்கலாக ஒளிர்ந்தது. மஞ்சளில் நனைத்த துணிக்கு அந்தக் குணம் உண்டு என்பது எனக்குத் தெரியும், அதனால் தைரியமாகத்தான் இருந்தேன். துணியை அவள் பிரித்தாள். உள்ளே நீளமாக ஒரு பின்னல். கறுப்பு நூலால் கட்டிச் சவுரியாகச் செய்திருந்தாள். பின்னலின் உடம்பு இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. தலைப்பக்கத்தில், நூல் கட்டின இடத்தில், பச்சைப் புள்ளிகள் எரிந்தன.

"அக்கா முழிச்சிருக்கா" என்றாள் புஷ்பா.

என் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. "போடாதையும் பிள்ளை" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். அவளைக் கேட்டார்: "இது எப்ப வெட்டினது?"

அந்த இருட்டிலேயே சரோஜா சொன்னாள். மல்லிகாவுக்குக் காய்ச்சல் கண்டு பல நாள் இறங்கவில்லை. தலை பாரமாக இருக்கிறது அம்மா என்று அழுதிருக்கிறாள். சரோஜாதான் உட்கார்ந்து முடியை ஒட்ட வெட்டினாள். அப்போது தலையில் நாலைந்து இடத்தில் சொட்டை இருந்தது, காய்ச்சலில் அதை யார் பார்த்தார்கள்? ஒரு பூனையை மல்லிகா மடியைவிட்டு இறக்கமாட்டாளாம். முடி வெட்டின மறுநாள் பிள்ளை போய்விட்டது. இறந்தவர் முடியை வீட்டில் வைக்கக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். புருஷனுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் டின்னை ஒளித்துவைத்தாள். வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போனதும் புஷ்பாவுக்கு அதை வைத்துப் பின்னிவிடுவாள்.

"செத்த முடி இல்ல டாக்டர். உசுரோட இருக்கறப்ப வெட்டினது. வச்சுப் பின்னிட்டுப் பின்னாடி இருந்து பாத்தா மல்லிகாதான். அப்படியே நடப்பா. திரும்புனாத்தான் புஷ்பா."

நான் வெளிச்சத்தைப் போட்டேன். வெளிச்சத்தில் அது வெறும் பழைய முடிதான். அதைத் தொட எனக்குப் பயமாக இருந்தது, தோல் பிரிவில் இத்தனை காலம் குப்பை கொட்டியவளுக்கு. டாக்டர் கையுறை போட்டுத் தலைப்பக்கத்தைச் சாமணத்தால் விலக்கிப் பார்த்தார். மூத்தவளுடைய நோய் இந்த முடியில் இருந்து இளையவளுக்கு வந்திருக்கலாம், இளையவள் தலையிலிருந்து உதிர்ந்ததும் இதில் ஒட்டியிருக்கலாம், எது எதுவென்று இனிச் சொல்ல முடியாது என்றார்.

"இதைக் கொளுத்த வேணும், அம்மா."

சரோஜா டின்னை மூடினாள். "ஒரு தடவ எரிச்சாச்சு டாக்டர். ரெண்டாவது தடவ எரிக்க மாட்டேன்."

"இதை வச்சிருந்தா இந்தப் பிள்ளையின்ர தலையும் போகும்."

"இனிமே வச்சுப் பின்ன மாட்டேன். டின்ன விட்டு எடுக்கவே மாட்டேன்."

மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கிற பிள்ளையைவிட இல்லாத பிள்ளை பெரிதா என்று டாக்டரிடம் படபடத்தேன். அவர் கை கழுவிக்கொண்டே, "உமக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஒண்டு இருந்தது" என்றார்.

அடுத்து அவள் வந்தபோது கிளினிக் நாள்கூட இல்லை. புஷ்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபெரியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல். உச்சியில் கொழுக்கட்டை போல வீங்கி, தொட்டால் கொழகொழவென்று, முடிக்கால் ஒவ்வொன்றிலிருந்தும் சீழ் வந்துகொண்டிருந்தது. காளானை உடம்பே எதிர்த்துச் சண்டை போட்டால் இப்படி ஆகும். சண்டை முடியும்போது முடிக்கால் செத்துத் தழும்பாகிவிடும்.

"பின்னுனீங்களா?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை அவ பொறந்த நாள் மிஸ்ஸி" என்றாள். எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

பிள்ளையைப் படுக்கையில் சேர்த்தோம். அதை யாரும் கத்தியால் கீறக்கூடாது என்று டாக்டர் வார்டில் சொல்லிவைத்தார். மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியை நான் மாற்றி மாற்றி வைத்து, பொருக்கு ஊறின பிறகு எடுத்தேன். பழைய மாத்திரையோடு வீக்கத்துக்கும் மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் இறங்கிய அன்று சரோஜா அவர் முன்னால் வந்து நின்றாள். டின் கையில் இருந்தது.

"இத எரிச்சா நிக்குமா டாக்டர்?"

"எரிச்சு, மருந்தும் குடுத்தா நிக்கும். முடி முழுக்க முளைக்குமெண்டு சொல்ல மாட்டன்."

"அப்ப நானும் கூட வரணும்" என்றாள். "அன்னிக்கு என்ன விடல. பொம்பள சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னு லயத்து வீட்டு வாசல்லயே நிறுத்திட்டாங்க. அவ எந்தப் பக்கம் போனான்னுகூட நான் பாக்கல."

மருத்துவமனையின் பின்பக்கம் கட்டுத்துணிகளை எரிக்கிற சூளை இருந்தது. வெளியாட்கள் அங்கே போகக்கூடாது. டாக்டர் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நடுமத்தியானம், வெயில் கொளுத்தியது, ஆள் நடமாட்டமே இல்லை. சூளையைக் கவனித்த மலாய்ப் பெரியவரிடம் இது அவள் மகளின் முடி என்று நான் மலாயில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், மூடியைத் திறந்தார், ஒதுங்கிப்போய் நின்று வாய்க்குள் ஏதோ ஓதினார்.

சரோஜா பின்னலை எடுத்து மஞ்சள் துணியில் மறுபடி சுற்றினாள். குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றினாள். நாம் யாரையும் போ என்று அனுப்ப மாட்டோமே. "போயிட்டு..." என்று தொடங்கியவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு, "போம்மா" என்று சொல்லி உள்ளே வைத்தாள். முடி கருகுகிற வாடை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அன்று அந்த வாடையோடு பிள்ளைத் தலையில் வைக்கிற தேங்காயெண்ணெய் வாசமும் வந்தது. எண்ணெய் வைத்து வைத்துப் பின்னியிருக்கிறாள், வராமல் என்ன செய்யும்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வார்டுக்குத் திரும்பினோம். புஷ்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவின் காலடி கேட்டதும், "அக்கா போயிட்டாளா?" என்றாள்.

"போயிட்டாடா" என்றாள் சரோஜா.

மருந்து நீண்ட நாள் ஓடியது. வீக்கம் வற்றி, சுற்றிலும் முடி முளைத்தது. நடுவில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வழுக்கைத் தழும்பு நின்றுவிட்டது, அது இன்றுவரை இருக்கும். கடைசிப் பரிசோதனைக்கு அவர்கள் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று சரோஜா மகளுக்கு எண்ணெய் வைக்கவில்லை, பவுடரும் போடவில்லை. பரட்டைத் தலையோடு பஸ்ஸிலும் ஃபெரியிலும் கூட்டி வந்திருந்தாள்.

கதவிடுக்கில் துணி செருகி வெளிச்சத்தை அணைத்தேன். காத்திருந்தோம். டாக்டர் விளக்கைப் போட்டு உச்சி, பிடரி, காதோரம் என்று ஒவ்வோர் இடமாகக் காட்டினார். எங்கும் இருட்டு.

"ஒண்டும் இல்லை" என்றார். எங்கள் பிரிவில் அதைவிட நல்ல சொல் கிடையாது. அதைக் கேட்டதும் தாய்மார்கள் சாமியைக் கூப்பிடுவார்கள், சில பேர் என்னைக் கட்டிக்கொள்வார்கள்.

சரோஜாவின் குரல் இருட்டிலிருந்து வந்தது.

"நல்லாப் பாருங்க டாக்டர். ஒண்ணுகூட இல்லையா?"

டாக்டர் மறுபடி முதலிலிருந்து காட்டினார். பிள்ளையின் முடியை விரலால் மெல்ல விலக்கி விலக்கி, அவளும் பார்க்கிற மாதிரி காட்டினார். புஷ்பா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே அடுத்த குழந்தை அழுதது, யாரோ கதவைத் தட்டினார்கள். நான் சுவிட்சில் கை வைத்து அவர் சொல்லுக்காக நின்றேன்.

அவர் சொல்லவில்லை. சரோஜா போதும் என்று சொல்கிறவரை, ஒன்றுமில்லாத அந்தத் தலைக்கு மேல் விளக்கைப் பிடித்துக்கொண்டே நின்றார்.